பழைய சத்தம்

அத்தியாயம் 9

கமலாசனி படுக்கையில் விழுந்து அன்றைக்குப் பதினோராம் நாள்.

அடுப்பிலிருந்து இறக்கிய கஞ்சிப் பானை அவளுடைய வலது கையிலிருந்து நழுவியதும், புருஷனைக் கூப்பிட வாய் திறந்தவளுக்குக் குரல் வராமல் போனதும், வட்டக்கச்சியிலிருந்து மாட்டுவண்டிலில் வைக்கோல் பரப்பி அவளைக் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்ததும் உங்களுக்குத் தெரியும். அதற்கு முன் ஒரு மாதமாக விட்டுவிட்டுக் காய்ச்சல். நடுங்கும்போது குலைப்பன் காய்ச்சல், மலேரியா என்றார்கள். நடுக்கம் விட்டபோது, அரிவுவெட்டும் சூடடிப்புமாக வெயிலில் நின்ற அசதி என்றார்கள். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார்கள்.

காய்ச்சல் இரண்டு நாளைக்கு முன் இறங்கிவிட்டது. வலது கையும் காலும்தான் இன்னும் அசையவில்லை. பேச்சும் திரும்பவில்லை.

ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ அவளிடம் மிஞ்சியிருந்தது. "ஓம்."

தண்ணீர் வேணுமோ என்றால் ஓம். போதுமோ என்றாலும் ஓம். நோகுதோ என்றாலும், நோகேல்லையோ என்றாலும் ஓம். சொல்லிவிட்டு, தான் நினைத்த சொல் அதுவல்ல என்று தெரிந்து கண்ணை மூடிக்கொள்வாள். இருபத்துமூன்று வயது.

அன்று காலை அருந்ததி அவளுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தாள். பரந்தன் பள்ளிக்கூடத்தின் தையல் ரீச்சர் அவள். தாய் தகப்பன் போன வீட்டில் தங்கச்சியை வளர்த்து ஆளாக்கியவள். தனக்கென்று ஒரு கலியாணம் பேச அவளுக்கு நேரம் வாய்க்கவில்லை. பதினாலு மாதத்துக்கு முன் தங்கச்சியை வட்டக்கச்சி அப்புத்துரையின் ஒரே மகன் யோகநாதனுக்குக் கட்டிக்கொடுத்தாள்.

கஞ்சி வாயின் வலது ஓரத்தால் வழிந்தது. துடைத்துவிட்டாள்.

"பத்து மணி ஊசி, ரீச்சர்" என்று நேர்ஸ் புனிதம் தட்டோடு வந்தாள். முல்லைத்தீவுக் கடற்கரைக்காரி. கை மெது. "எந்தப் பக்கம் போடுறதெண்டு எனக்கே தெரியேல்லை. ரெண்டு பக்கமும் கல்லுமாதிரி இறுகிப்போச்சு."

நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பெனிசிலின். அதற்கு மேலே, காலையும் மாலையும் இன்னொரு ஊசி.

"காய்ச்சல்தான் விட்டிட்டுதே மிசி. இன்னும் எத்தினை நாளைக்கு?"

"டொக்டர் ஆறு கிழமை எண்டு எழுதியிருக்கிறார். ஒரு நாளும் விடக்கூடாதாம்."

ஊசி இறங்கியபோது கமலாசனியின் இடது கை கட்டில் விளிம்பைப் பிடித்தது. சத்தம் வரவில்லை.

அந்த நேரம்தான் வெளியே கார் ஒன்று வந்து நின்றது.

அப்புத்துரை வாடகைக் காரில் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் சால்வை. பின்னால் யோகநாதன். தகப்பனின் முகத்தையும் பார்க்காமல், அருந்ததியின் முகத்தையும் பார்க்காமல் கட்டிலின் கால்மாட்டில் போய் நின்றான்.

"பிள்ளையை வெளிக்கிடுத்து" என்றார் அப்புத்துரை.

"எங்கை மாமா?"

"தருமபுரத்திலை வாதத்துக்குப் பாக்கிற பரியாரியாரிட்டைச் சொல்லி வைச்சிருக்கிறன். என்ரை தமையனுக்கு இதே வருத்தம் வந்தது. நாற்பது நாள் எண்ணெய் போட்டு உருவி எழுப்பி விட்டவர். இஞ்சை என்ன செய்யினம்? கை கால் வழங்காமல் கிடக்கிற பிள்ளைக்கு இடுப்பிலை குத்திக்கொண்டிருக்கினம்!"

கெட்ட மனிதர் அல்ல அவர். மருமகள் விழுந்த நாளிலிருந்து அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று யோகநாதனே சொல்லியிருந்தான். அதனால்தான் அருந்ததி அவரை மறுக்காமல் திரும்பினாள்.

"தம்பி, நீர் என்ன சொல்லுறீர்?" என்று யோகநாதனைக் கேட்டாள்.

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லை அக்கா. அப்பு சொல்லுறதும் சரி மாதிரிக் கிடக்கு."

அப்புத்துரை குனிந்து மருமகளின் நெற்றியைத் தொட்டார்.

"பிள்ளை, என்னோடை வாறியே? பரியாரியாரிட்டைப் போவம்."

"ஓம்" என்றாள் கமலாசனி.

"கேட்டியளே! அவளே வாறன் எண்டுறாள்."

"அவாவுக்கு அந்தச் சொல் ஒண்டுதான் வரும், ஐயா" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது.

டொக்டர் கதிர்காமநாதன் கையில் ஒரு கடித உறையோடு வந்தார். இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத இளைஞர். கதிரையை இழுத்துப் போட்டுக் கமலாசனியின் இடது பக்கம் உட்கார்ந்து, தன் சுட்டுவிரலை அவளுடைய இடது கைக்குள் வைத்தார்.

"தங்கச்சி, வாயாலை சொல்லவேண்டாம். ஓம் எண்டால் என்ரை விரலை அமத்துங்கோ. இல்லை எண்டால் சும்மா விடுங்கோ. விளங்குதோ?"

அமத்தினாள்.

"உங்கடை பேர் விமலேஸ்வரியோ?"

"ஓம்" என்றது வாய். கை அசையவில்லை. கண்ணீர் காதுப்பக்கமாக வழிந்தது.

"கமலாசனியோ?"

அமத்தினாள்.

அப்புத்துரை நிமிர்ந்து நின்றார்.

"மாமாவோடை இப்ப போக விருப்பமோ?"

"ஓம்." கை சும்மா கிடந்தது.

"இஞ்சை இருந்து ஊசியை முழுக்கப் போட்டு முடிக்க விருப்பமோ?"

அவள் விரலைப் பிடித்த பிடியில் டொக்டரின் நகம் வெளுத்ததை அருந்ததி பார்த்தாள்.

டொக்டர் எழுந்தார். "ஐயா, நீங்கள் கமக்காரர். வாய்க்காலுக்குக் கதவு இருக்கிற மாதிரி இருதயத்துக்குள்ளையும் கதவு இருக்கு. இவாவுக்கு அந்தக் கதவிலை கிருமி பிடிச்சுப் பாசி மாதிரி வளந்திருக்கு. அதிலை ஒரு துண்டு பிய்ஞ்சு இரத்தத்தோடை போய் மூளைக்குப் போற குழாயை அடைச்சிட்டுது. கையும் காலும் வழங்காமல் போனது அதாலைதான். கையை உருவி என்ன? கதவிலை பாசி இருக்குமட்டும் இன்னொரு துண்டு எப்பவும் கிளம்பலாம். அந்தக் கிருமியைக் கொல்லத்தான் இந்த ஊசி."

"அடைச்சதைக் கரைக்க மருந்து இல்லையோ, டொக்டர்?" என்று யோகநாதன் கேட்டான். "இரத்தம் கட்டாமல் இருக்க ஏதோ மருந்து இருக்காம். என்னோடை படிச்ச பெடியன் ஒருத்தன் சொன்னவன்."

"இருக்கு. இவாவுக்குக் குடுக்கக்கூடாது. கிருமி பிடிச்ச இடத்திலை மூளைக்குள்ளை இரத்தம் கசியத் தொடங்கினால் பிறகு எங்களாலை ஒண்டும் செய்யேலாது." குரலைத் தணித்தார். "போன பேச்சும் கையும் எவ்வளவு திரும்புமெண்டு எனக்குத் தெரியாது. உயிரைக் காப்பாத்தப் பாக்கிறன். உங்களுக்கு அது போதாதெண்டால், கையெழுத்து வைச்சுக் கூட்டிக்கொண்டு போகலாம். நான் மறிக்கேலாது."

அப்புத்துரை மருமகளைப் பார்த்தார். சால்வையைக் கட்டிலின் தலைமாட்டில் போட்டுவிட்டு, "கார்க்காரனோடை கதைச்சிட்டு வாறன்" என்று வெளியே போனார். பணிந்து போகிறாரா, கோபித்துப் போகிறாரா என்று தெரியவில்லை.

டொக்டர் யோகநாதனையும் அருந்ததியையும் விறாந்தைக்குக் கூட்டிவந்தார். உறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"முதல் ஊசி போட முன்னம் இவாவின்ரை இரத்தம் எடுத்து றெயினிலை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினனான். மறுமொழி இண்டைக்கு வந்திருக்கு. கிருமி வளந்திருக்கு. எங்கள் எல்லாற்றை வாயிலும் பல்லடியிலும் இருக்கிற கிருமிதான். வாயிலை கிடந்தால் ஒண்டும் செய்யாது. இரத்தத்துக்குள்ளை இறங்கினால்தான் கரைச்சல். இவா அண்மையிலை பல்லேதும் பிடுங்கினவாவோ?"

யோகநாதனின் முகம் மாறியது.

"பொங்கல் முடிஞ்ச கிழமை. கடைவாய்ப் பல்லு. நான்தான் சைக்கிளிலை வைச்சுக் கூட்டிக்கொண்டு போனனான்."

டொக்டர் தலையசைத்துவிட்டு அருந்ததியைப் பார்த்தார். "ரீச்சர், சின்னனிலை இவாவுக்கு மூட்டு மூட்டாய் வீங்கி நோவோடை காய்ச்சல் வந்ததோ? இருதயத்திலை பழுதெண்டு ஆரும் சொன்னவையோ?"

"இல்லை" என்றாள் அருந்ததி.

யோசிக்காமலே வந்தது. பத்து வருடமாகச் சொல்லிப் பழகிய இல்லை.

"நல்லா யோசிச்சுப் பாருங்கோ. ஏன் கேக்கிறன் எண்டால், இவாவின்ரை இருதயத்திலை ஒரு சத்தம் கேக்குது. அது சின்ன வயசிலை வந்த பழைய சத்தமெண்டால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். கதவு எப்பவோ தழும்பானது, அதோடையே இவா நடமாடித் திரிஞ்சவா. கிருமியை அழிச்சால் போதும். இஞ்சையே வைச்சுப் பாக்கலாம். சத்தம் இந்தக் காய்ச்சலோடை புதுசாய் வந்ததெண்டால், கிருமி கதவை அரிச்சுக்கொண்டிருக்குது. இண்டைக்கே கொழும்புக்கு, இருதய டொக்டர்மாரிட்டை அனுப்பவேணும். அம்புலன்சிலை இருநூறு மைல். அந்த உலுக்கலை இந்த உடம்பு தாங்குமெண்டு நான் சொல்லமாட்டன்."

அருந்ததி நிலத்தைப் பார்த்தாள்.

"அப்ப புதுசுதான். வவுனியாவுக்குச் சொல்லி அம்புலன்சைக் கூப்பிடுறன். ஆறு மணிக்குள்ளை வந்திடும்."

டொக்டர் நாலடி நடந்திருப்பார்.

"டொக்டர்!"

அருந்ததி விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பதின்மூண்டு வயசிலை வந்தது. முழங்கால், மணிக்கட்டு எல்லாம் வீங்கினது. யாழ்ப்பாணத்திலை ரெண்டு மாசம் வாட்டிலை கிடந்தவள். அயலுக்குச் சித்தி வீட்டை நிண்டு படிக்கிறாள் எண்டு சொன்னனான். பிறகு மாசத்துக்கு ஒரு ஊசி. புடைவை வாங்கப் போறம் எண்டு சொல்லிச் சொல்லிக் கொண்டுபோய்ப் போட்டனான். கலியாணம் பேசி வந்த உடனை நிப்பாட்டிப்போட்டன்." யோகநாதன் பக்கம் திரும்பினாள். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பேசினாள். "தம்பி, நெஞ்சிலை குறை இருக்கிற பெட்டையை ஆர் கட்டுவினம்? நான் செத்துப்போனால் அவளுக்கு ஆர்? அதுதான் நான்…"

"எனக்குத் தெரியும் அக்கா."

அருந்ததி நிமிர்ந்தாள்.

"கலியாணத்து நாலாஞ்சடங்கு முடிஞ்ச அண்டே அவள் எல்லாம் சொல்லிப்போட்டாள். என்ரை காதைத் தன்ரை நெஞ்சிலை வைச்சுக் கேக்கச் சொன்னவள். எனக்கு ஒண்டும் வித்தியாசமாய்க் கேக்கேல்லை. 'நான் சொன்னதெண்டு அக்காவுக்குக் காட்டிப்போடாதேங்கோ, அக்கா வெக்கத்திலை செத்துப்போவா' எண்டாள். அதாலை நானும் பேசாமல் இருந்திட்டன்."

"பல்லுப் பிடுங்கேக்கை அதைச் சொன்னனீரோ?" என்று டொக்டர் கேட்டார்.

யோகநாதன் தலையைக் குனிந்தான். "பல்லுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தமெண்டு நினைச்சன். பிடுங்கினவர் அப்புவோடை பழக்கமான ஆள். அவருக்குச் சொன்னால் பொழுதுபட முதல் அப்புவின்ரை காதுக்குப் போயிடும்."

"ஒராள் சொல்லியிருந்தாலும் போதும். பிடுங்க முதல் ஒரு பெனிசிலின் ஊசி…" டொக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார். சொன்னதற்கு வருந்துவது முகத்தில் தெரிந்தது. ஆனால் சொல்லியாகிவிட்டது.

"நான் மாசத்து ஊசியை நிப்பாட்டினதாலையோ டொக்டர்?"

"அது மூட்டுக் காய்ச்சல் திரும்பி வராமல் போடுற ஊசி, ரீச்சர். அதை நிப்பாட்டினது பிழை. ஆனால் அது இந்த வருத்தத்தை மறிச்சிருக்குமெண்டு நான் சொல்லேலாது."

அவருக்கு அது ஆறுதல் சொல்வதாகத் தோன்றியிருக்கலாம். அருந்ததிக்கு அப்படித் தோன்றவில்லை.

"அந்த நேரத்துக் கிளினிக் அட்டை இருக்கோ? நெஞ்சிலை என்ன சத்தம், எந்த இடத்திலை எண்டு அதிலை எழுதியிருப்பினம்."

"இருக்கு. பரந்தன் வீட்டிலை ஒளிச்சு வைச்சிருக்கிறன்."

"ஆறு மணிக்கு முதல் கொண்டு வாங்கோ. அம்புலன்சைக் கூப்பிடத்தான் போறன். அதைத் திருப்பி அனுப்பிறதோ, இவாவை ஏத்திறதோ எண்டதை அட்டையைப் பாத்துத்தான் சொல்லுவன்."

அவர் போனார். அப்போதுதான் இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வாட்டு வாசலில் அப்புத்துரை நின்றார். சால்வை எடுக்க மற்றப் பக்கத்தால் வந்திருக்கிறார். சால்வை கையில் இருந்தது. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

"அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது" என்றார்.

"மாமா…"

"நீ உன்ரை தங்கச்சிக்காகப் பொய் சொன்னாய். அதை விளங்கலாம்." மகனைப் பார்த்தார். "நீ ஆருக்காகப் பேசாமல் இருந்தனி?"

பதிலுக்கு நிற்கவில்லை. சால்வை நிலத்தில் இழுபட நடந்து போனார். யோகநாதன் பின்னால் ஓடினான். பாதி வழியில் திரும்பி, "அப்புவை வீட்டிலை விட்டிட்டு ரெண்டு மணி ஊசிக்கு முதல் வந்திடுவன் அக்கா. நான் வந்தாப்போலை நீங்கள் அட்டைக்குப் போங்கோ" என்றான்.

கார் போய்விட்டது.

அருந்ததி கட்டிலடிக்கு வந்து கமலாசனியின் அருகே உட்கார்ந்தாள். தங்கச்சியின் தலைமயிர் சிக்குப்பட்டிருந்தது. விரலாலேயே சிக்கெடுத்தாள்.

"அவருக்குச் சொல்லிப்போட்டியாமே" என்றாள் கொஞ்ச நேரத்தால். "நாலாம் நாளே. எனக்கேன்ரி சொல்லேல்லை? பதினாலு மாசமாய் அவரைக் காணுற நேரமெல்லாம் எனக்கு நெஞ்சு பதறினது உனக்குத் தெரியாதே?"

"ஓம்" என்றாள் கமலாசனி. பிறகு இடது கையைத் தூக்கி, அக்காவின் கன்னத்தை அழுத்தித் துடைத்தாள். அழுதுகொண்டிருப்பது அருந்ததிக்கு அப்போதுதான் தெரிந்தது.

இரண்டு மணி ஊசி போட்டாயிற்று. யோகநாதன் வரவில்லை.

இரண்டரை. மூன்று. தனியே விட்டுப் போக அவளுக்குக் கால் எழவில்லை. எச்சில் புரைக்கேறினால் தலையை நிமிர்த்திப் பிடிக்க ஆள் வேண்டும்.

"நீங்கள் போட்டு வாங்கோ ரீச்சர்" என்றாள் புனிதம். "நான் இந்தக் கட்டிலடியிலையே நிக்கிறன். அட்டை இல்லாமல் ஆறு மணியானால் பிள்ளையை ஏத்திப்போடுவினம்."

பஸ்ஸில் நின்றுகொண்டே பரந்தனுக்குப் போனாள். சந்தியில் இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தவள், படலையைத் திறந்ததும் நின்றுவிட்டாள்.

வீட்டு வாசற்படியில் பச்சை நிறத் தகரப் பெட்டி ஒன்று இருந்தது.

கமலாசனியின் பெட்டி. கலியாணத்துக்கு அருந்ததியே யாழ்ப்பாணத்தில் வாங்கிக் கொடுத்தது. கைப்பிடியில் பூட்டின் திறப்பு சணல் கயிற்றால் கட்டியிருந்தது. முற்றத்து மண்ணில் கார் திரும்பிப் போன தடம் புதிதாக இருந்தது.

ஒரு கடிதம் இல்லை. ஒரு சொல் இல்லை. பெட்டி வந்துவிட்டது, அவ்வளவுதான். பெட்டி வந்தால் பெண்ணும் வந்த மாதிரி என்பது இரண்டு வீட்டாருக்கும் தெரிந்த பாஷை.

படியில் உட்கார்ந்து திறந்தாள். தான் தைத்துக் கொடுத்த சட்டைகள், ஆறு சேலை, சீப்பு, பாதி முடிந்த பவுடர் டின். எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தது. அடிவரைக்கும் கையை விட்டுத் தேடினாள். கூறைச்சேலையைக் காணவில்லை.

கூறை மாப்பிள்ளை வீட்டார் எடுத்துக் கொடுத்தது. தாங்கள் கொடுத்ததை நிறுத்திக்கொண்டு, அவள் கொண்டுபோனதை அனுப்பிவிட்டார்கள். ஒரு கணக்கும் பிழைக்கவில்லை.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாளோ, பஸ் ஹோன் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டாள். பெட்டியை உள்ளே இழுத்துவிட்டு, தையல் மெசினின் லாச்சியை வெளியே இழுத்துக் கழற்றி, அதற்கு அடியில் செருகியிருந்த பழுப்பு அட்டையை எடுத்தாள். கதவைப் பூட்டினாளா என்பதுகூட ஞாபகமில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அம்புலன்ஸ் நின்றது. பின்கதவு திறந்திருந்தது. ஸ்ட்ரெச்சரை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

டொக்டர் விறாந்தையிலேயே அட்டையை வாங்கினார். மை மங்கிப் போயிருந்தது. வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்து ஒருமுறை வாசித்தார். பக்கத்தைப் புரட்டினார். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார். பிறகு வாட்டுக்குள் போய், கமலாசனியின் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

அருந்ததி தன் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அதே இடம்" என்றார் டொக்டர், குழாயைக் காதிலிருந்து எடுத்துக்கொண்டு. "பத்து வருஷத்துக்கு முன்னம் எழுதினதும், இப்ப நான் கேக்கிறதும் ஒண்டுதான். பழைய சத்தம். அம்புலன்சைப் போகச் சொல்லுங்கோ."

புனிதம் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஆனால் ரீச்சர், இது தப்பினதெண்டு அர்த்தமில்லை. முப்பத்தியொரு நாள் இன்னும் கிடக்கு. ஊசி ஒரு நாள் தவறினாலும் கிருமி திரும்பத் தலை தூக்கும். இன்னொரு துண்டு பிய்ஞ்சால் இந்த முறைமாதிரி இராது."

அவர் போனதும் அருந்ததி நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். கமலாசனி கண்ணை மூடியிருந்தாள். மூச்சு சீராக வந்தது. நித்திரை என்று நினைத்தாள்.

அம்புலன்ஸ் கிளம்பிய சத்தத்தோடு சத்தமாகச் சைக்கிள் ஒன்று சுவரில் சாய்ந்த ஒலி கேட்டது. யோகநாதன் வந்து கட்டிலின் மற்றப் பக்கத்தில் நின்றான். குளிக்கவில்லை. காலையில் போட்டிருந்த சட்டைதான்.

"பெட்டி வந்திட்டுது" என்றாள் அருந்ததி, நிலத்தில் இருந்தபடியே.

அவன் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா தனியவோ அனுப்பினவர்? திறப்பு உம்மிட்டைத்தானே இருந்தது?"

"அப்பு கட்டிவைக்கச் சொன்னவர்" என்றான். "'பெட்டி போகவேணும், இல்லாட்டி நான் போவன்' எண்டு பயிருக்கு அடிக்கிற பொலிடோல் போத்திலைக் கையிலை எடுத்திட்டார். அம்மா இல்லாத வீடு அக்கா. அவருக்கு நான் ஒராள்தான். நான் என்ன செய்ய?"

"அதாலை நீரே அடுக்கினீர்."

"நான்தான் அடுக்கினன்."

"சீப்பைக்கூட மறக்கேல்லை."

"கூறையைக் குடுக்கேல்லை அக்கா. நெல்லு மூட்டையளுக்குப் பின்னாலை ஒளிச்சு வைச்சிருக்கிறன். அதையும் அனுப்பச் சொல்லி அப்பு தேடினவர். தெரியாதெண்டு சொல்லிப்போட்டன். கொஞ்ச நாளிலை அவற்றை மனம் ஆறும். அதுக்குப் பிறகு…"

"இன்னுமொரு ஒளிப்பு" என்றாள் அருந்ததி. குரலில் கோபம்கூட இல்லை. "நான் ஒளிச்சன். பிறகு நீர் ஒளிச்சீர். இவள் ஒளிச்சாள். எங்கை வந்து நிக்கிறம் எண்டு பாரும். இப்பவும் கூறையை மூட்டைக்குப் பின்னாலை வைச்சுக்கொண்டு, எனக்கு வந்து சொல்லுறீர்."

"என்னை என்ன செய்யச் சொல்லுறியள்? அந்தப் போத்திலைக் குடிக்க விடச் சொல்லுறியளோ?"

"உமக்குப் பெண்சாதி வேணுமோ, வேண்டாமோ? அதைச் சொல்லும்."

யோகநாதன் வாயைத் திறந்தான். அவன் வேண்டாம் என்று நினைக்கவில்லை. அது அருந்ததிக்கும் தெரியும். ஆனால் ஒரு மூச்சு விடும் நேரம் அவன் தயங்கினான்.

"ஆறு மணி ஊசி" என்று புனிதம் தட்டோடு வந்தாள். வந்தவள் கட்டிலைப் பார்த்து நின்றாள்.

அவள் பார்த்த பக்கம் இருவரும் திரும்பினார்கள்.

கமலாசனியின் கண்கள் விரியத் திறந்திருந்தன. பேச முடியாதவளுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதை, காலையில் அத்தனை கேள்விகளுக்கும் அவள் கை பதில் சொன்னதைப் பார்த்த இரண்டு பேரும் எப்படித்தான் மறந்தார்களோ!

"கமலா…" என்று யோகநாதன் குனிந்தான்.

அவள் முகத்தைத் திருப்பவில்லை. அழவும் இல்லை.

"தங்கச்சி, கொஞ்சம் இஞ்சாலைப் பக்கம் திரும்புங்கோ" என்றாள் புனிதம், ஊசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு.

கமலாசனி திரும்பவில்லை. இடது கையால் போர்வையை இழுத்து இடுப்போடு சுற்றி, அதைத் தன் உடம்பின் கீழே செருகி, மேலே கையை வைத்து அமத்திக்கொண்டாள். புனிதம் மெல்ல அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. பதினொரு நாளாகக் கிடந்த உடம்பில் இவ்வளவு பலம் எங்கே இருந்தது?

"கமலா, கையை எடு. ஊசி போடவேணும்" என்று அருந்ததி எழுந்து வந்தாள். "டொக்டர் சொன்னதைக் கேட்டனிதானே? ஒண்டும் தவறக்கூடாது. கையை எடு மோனை!"

போர்வை இன்னும் இறுகியது. வெள்ளைத் துணிக்கு மேலே அவளுடைய விரல் மூட்டுகள் எழுந்து நின்றன.

புனிதம் ஊசியைத் தட்டில் வைத்தாள். "ரீச்சர்" என்றாள் தணிந்த குரலில், "ஓடிப்போய் டொக்டரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

அருந்ததியால் அசைய முடியவில்லை. தங்கச்சியின் பார்வை அவள்மீது இல்லை. அது யோகநாதனின் முகத்தில் நின்றது.